மூன்றாவது சீட்டு

பொன்னேரி ரயில் நிலையத்துக்குப் பின்னால் பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ப்ராசஸர் வாங்க வருகிறவர்களில் எல்லா ரகத்தையும் பார்த்தாயிற்று. நாற்பது வீடியோ பார்த்துவிட்டு வந்து எனக்கே பாடம் எடுப்பவர்கள் உண்டு. துபாயில் இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டு என் காதில் வைப்பவர்கள் உண்டு. பெட்டியின் நிறம் பிடித்துப் போய் வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் சீட்டுக் குலுக்கி ப்ராசஸர் எடுத்தவன் ஒருவன்தான், கோட்டைக்குப்பம் தேவேந்திரன். அவனைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

தேவாவும் நானும் பழவேற்காட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பத்தாவது முடிந்ததும் அவன் தன் நைனாவோடு ஏரிக்குப் போனான், நான் சென்னைக்குப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டேன். வளர்ந்த பிறகு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டு 'பாய்' என்று கூப்பிட ஆரம்பித்தான். மரியாதையா கிண்டலா என்று கேட்டால் சிரிப்பான்.

அவன் ஊரில் ஏரியில் வலை போடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. நினைத்தவன் நினைத்த இடத்தில் போட முடியாது. யாருக்கு எந்த இடம், எந்த முறை என்பதை ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும். பாடு என்பார்கள். நல்ல இடம் வந்தால் இறால் கிடைக்கும். மொட்டை இடம் வந்தால் பாசியைத்தான் அள்ள வேண்டும். எது வந்தாலும் முணுமுணுக்கக் கூடாது, இன்னொருவனோடு மாற்றிக்கொள்ளவும் கூடாது. ஒரு மதில் சுவருக்காக என் வாப்பாவும் சாச்சாவும் பொன்னேரி கோர்ட்டுக்குப் பதினாலு வருஷம் நடந்தவர்கள். அதனால் இந்த ஊர்க்காரர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் சேற்றில் இறங்கி வலைக்கோல் ஊன்றும்போது தேவா ஒரு திருக்கை மீனை மிதித்துவிட்டான். வால் முள் பாதத்தில் ஏறி உடைந்துபோனது. சர்க்கரை வியாதி இருப்பது அவனுக்கு அதற்கு முன் தெரியாது, ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. மூன்று விரல்களையும் பாதத்தில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டார்கள். சேற்றில் ஊன்ற முடியாத காலை வைத்துக்கொண்டு ஏரியில் என்ன செய்வது? ஊர்ப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது, இறங்க ஆள் இல்லை.

படுத்துக் கிடந்த நாட்களில் போனில் கேம் விளையாடக் கற்றுக்கொண்டான். சும்மா விளையாடினால் பரவாயில்லை, இவன் விளையாடிக்கொண்டே பேசவும் செய்தான். எதிரி பதுங்கியிருந்தால், "அதோ பாரு, நண்டு வளைக்குள்ள கண்ண மட்டும் வெளிய வச்சிகினு கீறான்" என்பான். செத்துப்போனால், "சரி, இன்னிக்கு நம்ம பாடு மொட்ட" என்பான். எனக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு வரும். அதை வீடியோவாக நெட்டில் போட்டான், பதினெட்டாயிரம் பேர் கேட்டார்கள். அப்படித்தான் சென்னையிலிருந்து ஒரு வீடியோ கம்பெனிக்காரர்கள் அவனைத் தேடிப் பிடித்தார்கள். இரண்டு மாதம் சோதனை. அவர்கள் சொல்லும் புது கேம்களை டெஸ்க்டாப்பில் விளையாடி, பதிவு செய்து, பேசி, எடிட் செய்து வாரத்துக்கு மூன்று வீடியோ அனுப்ப வேண்டும். தேறினால் நிரந்தர வேலை, வீட்டில் உட்கார்ந்தபடியே.

அந்த இரண்டு மாதத்துக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அவன் மனைவி செவ்வந்தி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஏற்பாடாகியிருந்தது. சுண்ணாம்புக்குளத்து ஏஜெண்டு பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்து, விசா வரும்வரை காத்திரு என்று சொல்லியிருந்தான். போனால் இரண்டு வருஷம் திரும்ப முடியாது. மகள் ஜமுனா அப்போது இரண்டாம் வகுப்பு. இவன் வேலை நிலைத்து நின்றால் அவள் போக வேண்டாம், நிற்காவிட்டால் போக வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

ஒரு சித்திரை மாதத்து மதியம் கடைக்கு வந்தான்.

"இன்னா பாய், ஃபேன்கீழ தூங்குறியா? கஸ்டமர் வந்துருக்கேன், எழுந்துரு."

"படக வித்துட்டியாமே?"

"வித்துட்டேன், எஞ்சினோட. வச்சிகினு இன்னா பண்றது? கோழி அடைக்கவா? நல்ல மிஷினா ஒண்ணு கட்டிக் குடு. கேமும் ஓடணும், எடிட்டிங்கும் ஓடணும். ஒரு இடத்துல கூட படம் திக்கக் கூடாதுனு கண்டிசனா சொல்லிட்டாங்க."

இங்கேதான் என் கதை வருகிறது. பதினோரு வருஷமாக ஜெராக்ஸ் கடைகளுக்கும் வக்கீல் ஆபீஸ்களுக்கும் பில் போடுகிறவர்களுக்கும் கம்ப்யூட்டர் கட்டிக் கட்டிச் சலித்துப்போயிருந்தேன். பெரிய ப்ராசஸர் ஒன்றைக் கையால் தொட்டுப் பொருத்த வேண்டும், அதைப் படம் எடுத்துக் கடையின் இணையப் பக்கத்தில் போட வேண்டும் என்ற ஆசை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. ஆசைதான், வேறு நியாயம் ஒன்றும் கிடையாது.

இரண்டு பெயரை அவனுக்குச் சொன்னேன். ஒன்று பதினாறு கோர் ப்ராசஸர், இன்னொன்று எட்டு கோர். கோர் என்றால் என்ன என்று கேட்டான்.

"ஆளுனு வச்சிக்கோ. பதினாறு ஆளு சேந்து ஒரே வலைய இழுக்குறாங்க. எடிட்டிங் முடிச்சு வீடியோவ வெளிய எடுக்குறப்ப அது பறக்கும். எட்டுல ஆளு கம்மி. ஆனா வேண்டிய சாமான எல்லாம் பக்கத்துலயே வச்சிருப்பான், எழுந்து போய் எடுக்க மாட்டான். கேமுக்கு அதான் கில்லாடி."

"அப்ப கேமுக்கு எட்டு, எடிட்டிங்குக்கு பதினாறு. எனக்கு ரெண்டும்தான் வேணும். நீயே சொல்லு பாய், எது?"

சரியான பதில் என் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் இருந்தது. ஆறு கோர் ப்ராசஸர், சின்னப் பெட்டி. கேமில் முக்கால்வாசி பாரத்தைத் தூக்குவது ப்ராசஸர் அல்ல, கிராபிக்ஸ் கார்டுதான். எந்தக் கத்துக்குட்டிக்கும் இது தெரியும். ஆறு கோரை வாங்கிவிட்டு, மிச்சம் பிடிப்பதில் நல்ல கார்டு போட்டால் அவன் வேலைக்கு அது தாராளம். பதினாறோ எட்டோ எதை வாங்கினாலும் கார்டுக்கு அவனிடம் ஒன்றும் மிஞ்சாது. இப்போதைக்கு என் கடையில் கிடக்கும் பழைய கார்டைப் போட்டுக்கொள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னேன். ஆறு கோர் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

"ரெண்டுமே நல்லதுதான். உன் இஷ்டம்" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு என் மேஜையிலிருந்து பழைய பில் ஒன்றை எடுத்து இரண்டாகக் கிழித்து, ஒன்றில் எட்டு என்றும் இன்னொன்றில் பதினாறு என்றும் எழுதி மடித்தான். என் சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்துத் துடைத்து அதற்குள் போட்டான்.

"சீட்ட சம்பந்தமில்லாத ஆளுதான் எடுக்கணும்" என்று சொல்லி, டீ கிளாஸ் எடுக்க வந்த பக்கத்துக் கடை முனியம்மாளை நிறுத்தி வைத்தான். அவளுக்கு அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது, அவசரத்தில் நின்றாள். இவனோ டப்பாவை மூடி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"எல்லா பேரும் வந்துச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "வந்துச்சுப்பா."

"எல்லா பேரும் வந்துச்சா?"

"அதான் வந்துச்சுன்றனே."

"எல்லா பேரும் வந்துச்சா, பாய்?"

ஊரில் குலுக்கும்போது மூன்று தடவை இப்படிக் கேட்பார்களாம். நான் அலமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூன்றாவது தடவையும் வந்தது என்றேன். முனியம்மாள் கையை விட்டாள். பதினாறு வந்தது.

என் மனசுக்குள் துள்ளியதை நான் மறைக்கப் போவதில்லை.

நான்கு நாளில் சாமான் எல்லாம் வந்து சேர்ந்தது. மிஷின் கட்டும்போது தேவா செவ்வந்தியையும் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டான். ப்ராசஸரை மதர்போர்டில் வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டான். மேலே சூடு தணிக்கும் பசையைத் தடவியபோது, "எஞ்சினுக்கு கிரீஸ் மாதிரியா? அப்ப எனக்கே பாதி வேல தெரியும்" என்று சிரித்தான். அவனை அப்படிச் சிரித்து நான் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. செவ்வந்தி சிரிக்கவில்லை. அவன் வெளியே ஆட்டோ பார்க்கப் போனதும் என்னிடம் கேட்டாள்.

"அண்ணா, இந்த வேல நிக்குமா? நின்னுச்சுனா பாஸ்போர்ட்ட எடுத்து பொட்டிக்கு அடியில வச்சிடுவேன்."

"நிக்கும்மா."

கேட்டுவிட்டு அவள் சும்மா தலையை ஆட்டினாள். நான் மிஷினைப் படம் எடுத்துக் கடையின் பக்கத்தில் போட்டேன். நூற்று நாற்பது பேர் விருப்பம் தெரிவித்தார்கள். பொன்னேரியிலேயே முதல் பதினாறு கோர் என்று நானே எழுதினேன்.

முதல் வாரம் அனுப்பிய மூன்று வீடியோவும் திரும்பி வந்தன. இரண்டாவது வாரத்தில் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதையும் போனால் போகிறது என்று எடுத்துக்கொண்டதாக எழுதியிருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் சென்னையில் பழக்கமான மொத்த வியாபாரியிடம் கெஞ்சினேன். பதினைந்து நாளுக்குள் பதினாறு கோரைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கு ஈடாக நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று தருகிறேன் என்றார். பன்னிரண்டாம் நாள் ஆறு கோர் பெட்டியை வண்டியில் போட்டுக்கொண்டு நானே கோட்டைக்குப்பம் போனேன்.

ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை வீடு. மிஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் மரப்பெட்டி மேல் வைத்திருந்தான். வீடியோவை ஓட்டிக் காட்டினான். கேமில் கார் ஒன்று மலைப்பாதையில் போகிறது. நாலு அடி போய் நிற்கிறது, பிறகு குதித்து வேறு எங்கோ போய் விழுகிறது. தேவாவின் குரல் மட்டும் தடங்கல் இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. "புடி, புடி, வளையப் போறான்" என்று அவன் கத்தும்போது கார் எப்போதோ வளைந்து போயிருந்தது.

"வீடியோவ வெளிய எடுக்குறது ரெண்டே நிமிசம் பாய்! இன்னா வேகம்! ஆனா எடுத்துக் குடுக்குறதுதான் குப்ப."

"கார்டு பத்தல தேவா. ப்ராசஸர மாத்திடலாம். இத நான் திரும்ப எடுத்துக்கறேன். சின்னது போட்டு, ஈடா நல்ல கார்டு வாங்கித் தரேன். போர்டு அதே போர்டுதான். இன்னும் மூணு நாளு டைம் இருக்கு."

வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்த செவ்வந்தி கையைக் கழுவிவிட்டு உள்ளே வந்தாள். "மாத்திக்கோயேன்யா. அதான் அண்ணா சொல்றாருல்ல."

தேவா தலையை ஆட்டினான். "சீட்டுல வந்தத மாத்த மாட்டேன்."

"இது ஏரி இல்லப்பா, கம்ப்யூட்டரு."

"சீட்டு சீட்டுதான் பாய். நானேதான் குலுக்கச் சொன்னேன். நைனாவுக்கு மூணு வருசம் வரிசையா மொட்ட இடம் வந்துச்சு. அஞ்சாறு பேரு பாவம் பாத்து மாத்திக்கோனு சொன்னாங்க. மாத்துனாரா? வந்தது புடிக்கலனு நான் மாத்துனா, நாளைக்கு ஊர்ல எவன் வேணா மாத்துவான். அப்புறம் எதுக்கு குலுக்குறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு சாப்பாட்டு டப்பாவில் விளையாடிய விளையாட்டுக்கு இவ்வளவு பத்தினித்தனமா? வாய்க்கு வந்தபடி கத்தினேன். கால் போனது போதாதா, மூளையும் சேர்ந்து போய்விட்டதா என்றுகூடக் கேட்டேன். செவ்வந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் என்னைப் பார்க்கவில்லை. மரப்பெட்டியின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது ஒரு பெயர் இருந்தது, நான் அதை எழுத விடவில்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். நுனி நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் நிற்கும் என்று நான் வாக்குக் கொடுத்த பெண் எதிரே நின்றுகொண்டிருந்தாள். என் கடையின் பக்கத்தில் அந்தப் படம் இன்னும் இருந்தது. வெட்கமாக இருந்தது. சொன்னால் மட்டும் இந்தப் பிடிவாதக்காரன் கேட்டுவிடப் போகிறானா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பெட்டியோடு வண்டியை எடுத்தேன். மூன்று நாளும் போயின.

அவன் விடாமல் முயற்சி செய்தான் என்பதையும் சொல்ல வேண்டும். கேமின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கினான். கார் ஓடியது, ஆனால் மலையும் மரமும் சேறு பூசினாற்போல் ஆகிவிட்டன. கம்பெனிக்காரர்கள் அதையும் ஏற்கவில்லை. பதிவு செய்வதையும் விளையாடுவதையும் தனித்தனியாகச் செய்து பார்த்தான். எனக்குத் தெரிந்த எல்லா மாற்றமும் போனிலேயே சொல்லிக் கொடுத்தேன். எட்டு வாரத்தில் இருபத்து நான்கு வீடியோ அனுப்பினான், ஏழு தேறியது. கடைசியில் ஒரு செய்தி வந்தது. உங்கள் பேச்சு எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது, படம்தான் எங்கள் தரத்துக்கு இல்லை, வாழ்த்துகள் என்று இருந்தது. வாழ்த்துகள் எதற்கென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

செவ்வந்தியின் விசா அதற்கு மறுவாரம் வந்தது. பொன்னேரி ஸ்டேஷனுக்கு வழியனுப்ப நானும் போனேன். ஜமுனா அழவில்லை, புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்திருந்தார்கள், அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் கிளம்பியதும் தேவா அந்தக் காலோடு பிளாட்பாரத்தில் நாலைந்து பெட்டி தூரம் கூடவே நடந்தான். நான் பின்னாலேயே நின்றுவிட்டேன், போய்ப் பிடித்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அதன் பிறகு ஐந்து மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அவனும் கூப்பிடவில்லை. இறால் கம்பெனி வாசலில் உட்கார்ந்து வண்டி நம்பரை எழுதி உள்ளே விடும் வேலை கிடைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வெளியே வந்தவனுக்கு வண்டியைக் கடைப் பக்கம் திருப்ப மனசு வரவில்லை. நேரே கோட்டைக்குப்பம் போனேன்.

வீட்டில் இருந்தான். முகம் சுருங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், "வா பாய்" என்று பாயை விரித்தான். பழைய சண்டையின் சாயல்கூட இல்லை. மிஷின் அதே இடத்தில் இருந்தது. உப்புக்காற்று படாமலிருக்க, மீன் வைக்கிற தெர்மாகோல் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து அதை மூடியிருந்தான். எப்போதாவது போடுகிறாயா என்றேன். பாப்பா அதில் படம் வரைகிறாள் என்றான். பதினாறு கோரில் ஒரு குழந்தை வீடும் சூரியனும் வரைந்துகொண்டிருக்கிறது.

அடித்தாலும் அடிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். "தேவா, அன்னிக்கு நீ மூணு தடவ கேட்டல்ல, எல்லா பேரும் வந்துச்சானு. வரல. இன்னொரு பேரு இருந்துச்சு. ஆறு கோரு. உனக்கு சரியா வரக்கூடியது அதான். நான்தான் சொல்லல."

"ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டான்.

"பெருசா ஒண்ணு கட்டணும்னு எனக்கு ஆச."

அவன் கோபமே இல்லாமல் பேசினான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எதுக்கு மூணு தடவ கேக்குறோம்னு உனக்குத் தெரியாதா பாய்? ஒரு பேரு உட்டுப் போயிருந்தாலும் அந்தக் குலுக்கலு செல்லாது. எப்ப தெரிஞ்சாலும் சரி, பாதி வருசம் ஓடிப்போயிருந்தாலும் சரி, எல்லாத்தையும் நிறுத்திட்டு மொதல்லருந்து குலுக்குவாங்க. அதான் ஊர்க் கட்டு."

"அப்ப அன்னிக்கு நான் பொட்டிய எடுத்துகினு வந்தேனே..."

"அன்னிக்கு சொல்லிருந்தா மாத்திருப்பேன் பாய். சந்தோசமா மாத்திருப்பேன். இன்னா பண்றதுனு தெரியாமத்தான ஒக்காந்துருந்தேன்."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவன் போன் அடித்தது. வெள்ளிக்கிழமைகளில் அந்த நேரத்தில்தான் குவைத் வீட்டுக்காரர்கள் செவ்வந்தியைப் பேச விடுவார்களாம். ஜமுனாவை ஓடிவரச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் எங்கோ விளையாடிக்கொண்டிருந்தாள், வரவில்லை. கொஞ்சம் பேசிவிட்டு, "சுஹைல் பாய் வந்துருக்காரு, இந்தா" என்று போனை என் பக்கம் திருப்பினான்.

ஏதோ ஒரு சமையலறையின் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தலையில் துணி கட்டியிருந்தாள்.

"நல்லா இருக்கீங்களா அண்ணா? கம்ப்யூட்டரு ஒழுங்கா ஓடுதா? ஊட்டுக்காரு அத ஒழுங்கா வச்சிகினு கீறாரா?"

நான் தேவாவைப் பார்த்தேன். அந்த மூன்றாவது பேரைச் சொல்லாதே என்று கையை அசைத்தான். அவளுக்கு இன்னும் ஒரு வருஷமும் ஏழு மாதமும் மிச்சம் இருந்தது.

"நல்லா ஓடுதும்மா" என்றேன்.